கசிஞ்சா காட்டிக் குடுக்கிற பாத்திரம்

2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமக் கிடந்தமே, அந்த நேரம் வெள்ளவத்தையில எங்கட ஃப்ளாட்டிலயும் ஒரு இன்வேர்ட்டரும் அதுக்கொரு பெரிய லெட் அசிட் பற்றரியும் வாங்கிக் கொரிடோர் மூலையில வச்சம், கறுப்புப் பெட்டி, கீழ பளபளப்பான வெள்ளை டைல், மேல அலுமாரித் தட்டு, அதுக்குப் பிறகு ஆரும் அந்தப் பக்கம் குனிஞ்சு பாக்கேல்ல. ஒரு வருசம் கழிச்சு அம்மா தன்ர பருத்திச் சீலையைத் தூக்கிக் காட்டினா, கரையோரம் சின்னச் சின்ன ஓட்டையா ஏழெட்டு. "தோய்க்கப் போடேக்க நல்லாத்தான் இருந்தது தம்பி, காயப்போட்டு எடுத்தா இப்பிடிக் கிடக்கு" எண்டா. பூச்சி அரிச்சிருக்கும் எண்டு நினைச்சு விட்டிட்டம். அடுத்த கிழமை என்ர சாரத்திலயும் அதே ஓட்டை, அதே உயரத்தில.

அப்பதான் போன் டோர்ச்சை அடிச்சுக்கொண்டு நிலத்தில படுத்துப் பாத்தன். டைல் மேல ஒண்டும் தெரியேல்ல. ஆனா ரெண்டு டைலுக்கு நடுவில சீமெந்து போட்ட கோடு இருக்குத்தானே, பற்றரிக்குக் கிட்ட மட்டும் அது வெள்ளையா உப்பிப் போய் இருந்தது, பிளாஸ்டிக் கரண்டியால தட்டினா மா மாதிரி உதிருது. கொஞ்சம் அப்பச்சோடா தூவினன், தூவின இடமெல்லாம் சுர்ர் எண்டு நுரைச்சுது, ஒண்டும் இல்ல எண்டு நினைச்ச டைல் மேலயும்தான். பற்றரி அடியில ஒரு மயிர்க்கோடு வெடிப்பு. எத்தினை நாளாக் கசிஞ்சுது எண்டு இண்டைக்கும் எங்களுக்குத் தெரியாது.

பற்றரி வெடிச்சதில எனக்குப் பெரிய கோவம் இல்ல, எந்தப் பாத்திரமும் ஒரு நாளைக்குக் கசியத்தான் செய்யும். ஆனா அவ்வளவு அசிட் கண்ணுக்கு முன்னால கிடந்தும் ஒருத்தருக்கும் தெரியாமப் போனதுதான் என்னைப் போட்டு உலுப்பினது. அண்டையில இருந்து இதையே தேடித் தேடிப் படிக்கிறன். கசிவை நிப்பாட்டுறது ஒரு வேலை, கசிஞ்சா முதல் துளியிலயே கண்ணுக்குத் தெரியப் பண்ணுறது வேற ஒரு வேலை, இந்த ரெண்டாவது வேலைக்கும் எஞ்சினியர்மார் எவ்வளவோ யோசிச்சு வச்சிருக்கினம்.

முதல்ல ஏன் தெரியேல்ல எண்டு பாப்பம். நிறமில்லாத ஒரு திரவம் சிந்தினா நாங்க உண்மையில திரவத்தைப் பாக்கிறதில்ல, அது விழுந்த இடம் மாறுறதைத்தான் பாக்கிறம். ஒரு துணியில தண்ணி பட்டா அந்த இடம் கறுத்துத் தெரியும், ஏனெண்டா காஞ்ச துணியில நாருக்கு நடுவில காத்து இருக்கு, வெளிச்சம் நாருக்கும் காத்துக்கும் இடையில மாறி மாறி முறிஞ்சு சிதறிக் கனக்கத் திரும்பி வந்திடும், அதால துணி வெளிறித் தெரியும். தண்ணி அந்த இடைவெளியை நிரப்பினா நிலைமை வேற. வெளிச்சத்தை எவ்வளவு முறிக்கும் எண்ட அளவுக்கு ஒளிமுறிவுச் சுட்டி எண்டு பேர், காத்தின்ர சுட்டி 1, தண்ணியின்ர 1.33, நாரின்ர 1.5க்குக் கிட்ட, அப்ப நாருக்கும் சுத்தி இருக்கிறதுக்கும் வித்தியாசம் குறைஞ்சிடும், வெளிச்சம் திரும்பாம இன்னும் உள்ளுக்க போகும், போன இடத்தில உறிஞ்சப்படும், எங்கட கண்ணுக்குக் கறுப்பாத் தெரியும். சீமெந்து நிலம், காட்போட், பலகை எல்லாத்துக்கும் இதே கதைதான். ஆனா மினுக்கின வெள்ளை டைலில நிரப்பிறதுக்கு இடைவெளியே இல்ல, மெல்லிசாப் படிஞ்ச திரவம் டைலோட டைலாப் போயிடும். துப்புரவா இருக்கட்டும் எண்டு நாங்க போடுற மினுங்கல் தளம்தான் தெளிஞ்ச திரவத்துக்கு நல்ல ஒளிப்பிடம்.

காயாதோ எண்டு கேப்பீங்க. பற்றரிக்குள்ள இருக்கிறது கிட்டத்தட்ட 37% சல்பூரிக் அசிட், மிச்சம் தண்ணி. சல்பூரிக் அசிட்டுக்கு ஆவியாகிற குணம் இல்ல, அதோட ஈரத்தை இழுக்கிற குணமும் இருக்கு, கொழும்புக் காத்தில இருக்கிற ஈரப்பதத்துக்கு அந்தத் துளி காயாது, இன்னும் தண்ணியை இழுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாப் பரவும். அதில உடுப்புப் பட்டு, பிறகு வெயில்ல காய்ஞ்சு அயன் சூடும் பட்டா தண்ணி மட்டும் போய் அசிட் செறிஞ்சு பருத்தி நாரைத் தின்னும், அடுத்த தோய்ப்பில நார் உதிர்ந்து ஓட்டை தெரியும். அம்மா சொன்னது அச்சாச் சரி. மழைக்காலத்தில இங்க சுவரும் வேர்க்கும் குழாயும் வேர்க்கும், எது வேர்வை எது கசிவு எண்டு பிரிக்கேலாது, ஆனா ஃபேனைப் போட்டு ஒரு மணித்தியாலம் விட்டா வேர்வை போயிடும், மற்றது அப்பிடியே நிக்கும்.

கண்ணால மட்டும் நம்பேலாத இடத்தில நிறத்தைக் கூப்பிடுறவை. எங்கட வீட்டிலயே இருக்கிற விசயம்தான், மஞ்சள் பட்ட துணியில சவுக்காரம் பட்டா சிவக்கிறது காரத்தால, செவ்வரத்தம்பூ அவிச்ச தண்ணிக்குள்ள தேசிக்காய் விட்டா பளிச்செண்டு சிவக்கிறது அசிட்டால. கெமிக்கல் ஃபக்டரிகளில குழாயையும் குழாயையும் சேர்க்கிற இடத்தைச் சுத்திக் கவசத் துணி கட்டுவினம், பீச்சி அடிச்சா ஆக்களில படாமத் தடுக்கிறதுக்கு, அந்தக் கவசத்திலயே பிஎச்சுக்கு, அதாவது அசிட்டோ காரமோ எண்டு காட்டுற அளவுக்கு, நிறம் மாறுற ஒரு துண்டும் வச்சுத் தைச்ச வகை இருக்கு. பெற்றோல் சுத்திகரிக்கிற சில ஆலைகளில ஹைட்ரோஃப்ளோரிக் அசிட் பாவிக்கினம், எலும்பு வரைக்கும் போற பொல்லாத அசிட், அங்க குழாய் மூட்டுகளுக்கும் வால்வுகளுக்கும் ஒரு விசேச பெயின்ட் அடிப்பினம், அசிட் ஆவி பட்டாலே செம்மஞ்சள் நிறம் போய்ச் சிவப்பாகிடும், தூரத்தில நடந்து போறவருக்கும் எந்த மூட்டு எண்டு தெரியும். ஒரு சாதாரண பெயின்ட் எத்தினை பேரின்ர கையைக் காப்பாத்தும் எண்டு யோசிச்சா எனக்கு உண்மையாவே சந்தோசமா இருக்கு.

ஆனா நிறம் மாறுற சாயத்துக்கும் ஆயுசு இருக்கு. வெயில் பட்டா வெளிறும், நைட்ரிக் அசிட் மாதிரி ஒக்சியேற்றிற சாமான் பட்டா முதல்ல நிறம் மாறிட்டுப் பிறகு சாயமே அழிஞ்சு போகலாம், அந்த முதல் நிமிசத்தைப் பாக்காத ஆளுக்கு வெறும் வெளிறின துண்டுதான் மிஞ்சும். அதால கால எல்லை வச்சு மாத்தோணும்.

திரவத்துக்குள்ளயே சாயத்தைப் போடுறது இன்னொரு வழி. கார் கூலன்ட் பச்சையாவோ சிவப்பாவோ இருக்கிறது வடிவுக்கு மட்டும் இல்ல, கீழ சொட்டினா தண்ணி இல்ல எண்டு உடன தெரியிறதுக்கும்தான், அதுக்குள்ள ஃப்ளோரசீன் மாதிரிச் சாயம் இருந்தா யூவி லைட் அடிச்சா கண்ணுக்குத் தெரியாத கசிவும் பச்சையா ஒளிரும். பரகுவட் எண்ட களைநாசினிக்கு நீலச் சாயம், கெட்ட மணம், சத்தி எடுக்க வைக்கிற மருந்து மூண்டையும் சேர்த்தவை, ஆரும் தெரியாமக் குடிச்சிடக் கூடாது எண்டு. அதுவும் போதேல்ல, 2008 தொடங்கிப் படிப்படியா இலங்கையில அதைத் தடையே செய்திட்டினம். வீட்டில மண்ணெண்ணெய்யையும் தின்னரையும் சோடாப் போத்தல்ல ஊத்தி வைக்கிறவை இந்தக் கதையை ஒருக்கா யோசிக்கோணும், கொம்பனிக்காரர் அந்தந்தப் பாத்திரத்துக்கு நிறமும் மூடியும் அடையாளமும் யோசிச்சுப் போட்டு விட, நாங்க ஒரு நிமிசத்தில அதெல்லாத்தையும் அழிச்சுப்போடுறம்.

எனக்கு மிச்சம் பிடிச்ச யோசனை வேற, வேணுமெண்டே ஒரு ஓட்டை போடுறது. பஞ்சிகாவத்தைப் பக்கம் கார் திருத்துற ஒரு பாஸிட்டப் போய் கார் வோட்டர் பம்ப் ஒண்டைக் கையில வாங்கித் திருப்பிப் பாருங்கோ, தண்டுக்குக் கீழ பென்சில் முனை அளவில ஒரு சின்னத் துவாரம் இருக்கும். பம்புக்குள்ள தண்ணியைத் தடுக்கிற சீல் ஒண்டு, அதுக்கு அங்கால பெயாரிங், ரெண்டுக்கும் நடுவில உள்ள வெற்றிடத்தில இருந்துதான் அந்தத் துவாரம் வெளில வருது. சீல் தேஞ்சா கூலன்ட் பெயாரிங்குக்குள்ள போகாம இந்தத் துவாரத்தால சொட்டும், சொட்டினா கீழ கறை விழும், பாஸ் குனிஞ்சு பாத்திட்டு "பம்ப் போகப் போகுது அண்ணே, இப்பவே மாத்துங்கோ" எண்டுவார். ஓட்டையால ஒழுகுது எண்டு சிலர் அதைச் சீலன்ட் வச்சு அடைக்கிறவை. அப்பிடிச் செய்தா ஒழுக்கு நிக்காது, உள்ளுக்க திரும்பும், பெயாரிங் துருப்பிடிச்சு ஒரு நாள் ஹைவேயில வச்சு இறுகிடும். அமுக்கத்தில ஓடுற பெரிய கெமிக்கல் பாத்திரங்களிலயும் இதே வேலைதான், உள்ளுக்க அசிட் தாங்கிற ஒரு படை, வெளில தடிச்ச இரும்பு, அந்த இரும்பில மட்டும் சின்னத் துவாரம், உள்படை வெடிச்சா இரும்பை அரிக்க முதல் துவாரம் சொல்லிப்போடும்.

இதையே இன்னும் ஒரு படி மேல கொண்டு போனா இரட்டைச் சுவர்த் தாங்கி. பெற்றோல் செட்டில நிலத்துக்கு அடியில இருக்கிற தாங்கியை ஆரும் குனிஞ்சு பாக்கேலாது, அதால ரெண்டு சுவரா கட்டி நடு இடைவெளியில சாயம் போட்ட உப்புத் தண்ணியை நிரப்பி அதின்ர மட்டத்தை மேல ஒரு சின்னப் பாத்திரத்தில காட்டுற முறை இருக்கு, எந்தச் சுவர் போனாலும் அந்த மட்டம் ஏறும் இல்லாட்டி இறங்கும். இல்லாட்டி இடைவெளியில காத்தை உறிஞ்சி வெற்றிடம் ஆக்கிறவை, எந்தச் சுவரில ஓட்டை விழுந்தாலும் வெற்றிடம் குறையும், அலாரம் அடிக்கும். இதில பெரிய விசயம் என்னெண்டா ஒரு சுவர் போய் மற்றது இன்னும் நிக்கேக்கயே தெரிஞ்சிடும், பெற்றோல் ஒரு துளியும் மண்ணுக்குப் போக முதல்.

இப்ப 2021 மே மாசத்துக்கு வாறன், அதை விட்டிட்டு இந்த விசயத்தை எழுத எனக்கு மனம் வரேல்ல. எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல்ல 1,486 கொன்டெய்னர், அதில 25 தொன் நைட்ரிக் அசிட். எங்கட செட்டியார் தெரு நகைக்கடைப் பட்டறையில பத்தர்மார் திராவகம் எண்டு சொல்லிப் பாவிக்கிற அதே சாமான்தான், அவை கண்ணாடிப் போத்தல்ல வச்சிருப்பினம், ஒரு சொட்டு விரல்ல பட்டாலும் தோல் மஞ்சளாகிக் கிழமைக்கணக்கா நிக்கும். ஒரு கொன்டெய்னர் கசியிறது கொழும்புக்கு வர முதலே தெரிஞ்சது, கத்தாரில ஹமாட் துறைமுகத்திலயும் இந்தியாவில ஹசீராவிலயும் இறக்கக் கேட்டுக் கிடைக்கேல்ல, மே 20ஆம் திகதி கொழும்புக்கு வெளில நங்கூரம் போட்டு நிக்கேக்க தீப்பிடிச்சது, கரையில நிண்டே புகையைப் பாத்தம், பிறகு சரக்குவ தொடக்கம் நீர்கொழும்பு வரைக்கும் கரையில பனி பெஞ்ச மாதிரி அந்தக் கப்பல்ல இருந்த பிளாஸ்டிக் குறுணி ஒதுங்கினது.

கசிவு தெரிஞ்சதுதானே எண்டு கேக்கலாம். தெரிஞ்சது, ஆனா பெட்டியை ஏத்தி அடுக்கின பிறகு, கடலுக்கு நடுவில, கை வைக்கேலாத இடத்தில. இரும்புக் கொன்டெய்னர் எண்டா ஜன்னல் இல்லாத அறை, உள்ளுக்க தளம் பெரும்பாலும் பலகை, அசிட் பாத்திரம் உள்ளுக்க கசிஞ்சா பலகை முதல்ல குடிக்கும், நைட்ரிக் அசிட்டும் மரமும் சேர்ந்தா சூடு ஏறிப் பத்தவும் கூடும். அசிட் கதவுக்கு வெளில வந்து ஆரும் காணுறதுக்கிடையில உள்ளுக்க எவ்வளவோ நடந்து முடிஞ்சிருக்கும். சர்வதேச விதியிலயே 55%க்கு மேல நைட்ரிக் அசிட் போடுற பிளாஸ்டிக் பரல்களுக்குச் செய்த நாளில இருந்து 2 வருசம் மட்டும்தான் பாவனைக் காலம், மற்ற அபாயமான சாமான் கனக்கத்துக்கு 5 வருசம், அந்தளவுக்கு அது பிளாஸ்டிக்கைத் தின்னும் எண்டு எல்லாருக்கும் தெரியும். அப்பிடிப்பட்ட சாமானுக்கு அடியில கதவுப் பக்கம் சரிஞ்ச ஒரு தட்டு, தட்டு முடியிற இடத்தில நிறம் மாறுற ஒரு பட்டி, அதை வெளில நிண்டு பாக்க ஒரு சின்ன வழி, இவ்வளவும் இருந்தா யார்டில கிரேன் தூக்க முதலே ஒரு ஆள் கையை உயர்த்தி நிப்பாட்டலாம் எண்டு நான் நம்புறன், காசுக் கணக்குப் பாத்தாலும் எரிஞ்ச கப்பலுக்குக் கிட்டவும் வராது.

தட்டைப் பத்தி ஒண்டு சொல்லோணும். கனக்கப் பேர் பரலுக்குக் கீழ ஒரு தட்டு வச்சா முடிஞ்சுது எண்டு நினைக்கினம். பெரிய பாத்திரத்தின்ர கொள்ளளவில 110% பிடிக்கிற தட்டு எண்டது பல நாடுகளில வழக்கமான அளவு, முழுக்கக் கொட்டினாலும் வெளில போகாது. ஆனா பரலின்ர அடி தட்டோட ஒட்டி இருந்தா கசிவு நடுவில தேங்கி நிக்கும், விளிம்புக்கு வரும் மட்டும் தெரியாது. அதுக்குத்தான் தட்டுக்கு மேல அளி, அதாவது இடைவெளி விட்ட கம்பித் தட்டி, போட்டுப் பரலை உயர்த்தி வைக்கிறவை, தளத்தை ஒரு மூலைக்குச் சரிக்கிறவை, முதல் ஐஞ்சு சொட்டும் பரவிப் போகாம அந்த மூலைக்கே வந்து சேரும். அந்த மூலை ஆக்கள் நடக்கிற பக்கம் பாத்து இருக்கோணும், சுவர்ப் பக்கம் இருந்தா என்ன சரிவு வச்சும் வேலை இல்ல.

எங்கட வீட்டில இப்ப இருக்கிறது புதுப் பற்றரி, உள்ள மட்டம் வெளில தெரியிற வெள்ளைப் பிளாஸ்டிக் கேஸ், மேல் கோடும் கீழ் கோடும் போட்டது. ரெண்டு பிவிசி குழாய்த் துண்டுக்கு மேல தூக்கி வச்சிருக்கு, கீழ அகலமான பிளாஸ்டிக் தட்டு, பின்பக்கம் ஒரு டைல் துண்டை முண்டு குடுத்து முன்னுக்குச் சரிச்சிருக்கு. முன் மூலையில செவ்வரத்தம்பூச் சாறில தோய்ச்சுக் காயவச்ச ஃபில்டர் பேப்பர் ஒரு துண்டு, மாசத்துக்கு ஒருக்கா மாத்துறது அம்மா, பூ பறிக்கிறதும் அவதான். காலமை சாமிக்கு விளக்குக் கொளுத்தப் போகேக்க அந்த மூலையை ஒருக்கா குனிஞ்சு பாத்திட்டுத்தான் போவா.