‘எக்ஸ்ட்ரா ட்ரை’ கேட்டவர் முகம் ஏன் சுளித்தது?

ஒயின் பரிமாறும் வேலையில் நான் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. “இனிப்பே கூடாது” என்பார் விருந்தினர். ஒயினில் ‘ட்ரை’ என்றால் இனிப்பில்லாதது. பட்டியலில் ‘எக்ஸ்ட்ரா ட்ரை’ ஷாம்பெயின் (குமிழி ஒயின்) கண்ணில் பட்டதும் அதையே கேட்பார். ஒரு வாய் குடித்ததும் முகம் சுளிப்பார். தப்பு அவர்மேல் இல்லை, பெயர் அப்படி.

ஷாம்பெயின் லேபிளில் இனிப்பின் அளவைச் சொல்லும் பெயர்கள் உண்டு. ‘ப்ரூட்’ என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவான சர்க்கரை. ‘எக்ஸ்ட்ரா ட்ரை’யில் 12 முதல் 17 கிராம். ‘செக்’ 32 வரை, ‘டெமி-செக்’ 50 வரை போகும். பிரெஞ்சில் செக் என்றால் உலர்ந்தது, அதாவது ‘ட்ரை’ என்று பொருள்! 19ஆம் நூற்றாண்டு ஷாம்பெயின் பாகு போல இனித்தது. அதோடு ஒப்பிட்டு வைத்த பெயர்கள் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இனிப்பு வேண்டாதவர் தேட வேண்டியது ‘எக்ஸ்ட்ரா ப்ரூட்’, அல்லது சர்க்கரையே சேர்க்காத ‘ப்ரூட் நேச்சர்’.

இந்தச் சர்க்கரை கடைசியில்தான் சேர்கிறது. பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதிக்கும்போது குமிழி பிறக்கும். படிந்த ஈஸ்ட் வண்டலை வெளியேற்றியபின், குறைந்த இடத்தை ஒயினும் சர்க்கரையும் கலந்து நிரப்புவார்கள். இதற்கு டொசாஜ் என்று பெயர். 750 மில்லி ப்ரூட் பாட்டிலில் 9 கிராமுக்குள் அடங்கும் சர்க்கரை, டெமி-செக்கில் 24 கிராமுக்குக் குறையாது. சர்க்கரை அளவைக் கவனிக்க வேண்டியவர்களுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. ஆனால் சர்க்கரை குறைந்தால் போதையும் குறையும் என்று நினைக்க வேண்டாம். ஆல்கஹால் எதிலும் ஏறக்குறைய 12 சதவீதம்தான்.

இளஞ்சிவப்பு ஷாம்பெயினான ரோசே இனிக்கும் என்பதும் தவறான நம்பிக்கை. நிறம் கருந்திராட்சையின் தோலிலிருந்தோ, கலக்கும் சிவப்பு ஒயினிலிருந்தோ வருவது. பெரும்பாலான ரோசேக்கள் ப்ரூட்தான். அதேபோல ‘பிளான் த பிளான்’ வெள்ளைத் திராட்சையில், பெரும்பாலும் ஷார்டனேயில் செய்தது. ‘பிளான் த நுவார்’ பினோ நுவார், மூனியே என்ற கருந்திராட்சைகளில் செய்தது. திராட்சையைச் சொல்லும் இந்தப் பெயர்கள் இனிப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

லேபிளில் ஆண்டு இருந்தால் அந்த ஒரே ஆண்டின் அறுவடை, பாட்டிலில் குறைந்தது 3 ஆண்டுகள் கிடந்தது. இல்லாவிட்டால் பல ஆண்டுக் கலவை, 15 மாதம் போதும். என்னைக் கேட்டால், முதல்முறை வாங்குபவருக்கு ஆண்டில்லாத ப்ரூட்டே சரி.

கேக் வெட்டும்போது மட்டும் ப்ரூட்டைத் திறக்காதீர்கள். கேக்கின் இனிப்புக்கு முன்னால் அது வெறும் புளிப்பாகத் தெரியும். டெமி-செக் அந்த நேரத்துக்கானது.