சொல் விளக்கம்: குரூப் தெரபி, சப்போர்ட் குரூப்

மனநலப் பிரிவின் ஓபி சீட்டில் 'குரூப் தெரபி' என்று எழுதியிருக்கும். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது 'ஏதோ சப்போர்ட் குரூப்புக்குப் போகணுமாம்' என்று மாறிவிடும். தமிழில் எழுதுகிறவர்களும் இரண்டையும் 'குழு சிகிச்சை' என்று ஒரே பெயரில் முடித்துவிடுவதுண்டு. இவை வேறு வேறு ஏற்பாடுகள். ஒன்றைத் தேடிப் போய் மற்றதில் உட்கார்ந்துவிட்டு, 'டாக்டரே வரலை, இதென்ன ட்ரீட்மென்ட்' என்று அலுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் உண்டு. அதனால் சொற்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது உதவும்.

'தெரபி' கிரேக்கச் சொல். 'தெராப்பெயா' என்றால் பணிவிடை, பராமரிப்பு. அதன் உறவுச் சொல்லான 'தெராப்பான்' உடனிருந்து உதவுபவனைக் குறிக்கும். ஹோமரின் இலியத் காவியத்தில் வீரன் அக்கிலீசுக்குப் பத்ரோக்ளஸ் தெராப்பான், அதாவது போர்க்களம்வரை கூடவே போகும் தோழன். வைத்தியம் என்ற பொருள் இதில் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. நாம் தினமும் புழங்கும் 'சிகிச்சை' வடமொழிச் சொல். 'சித்' என்ற வேரிலிருந்து வருவது. கவனிக்க விழைதல் என்பது அதன் அடிப்பொருள். 'குரூப்' பிரெஞ்சு வழியாக இத்தாலிய 'குருப்போ'விலிருந்து வந்தது. முடிச்சு, கொத்து என்று பொருள். 'சப்போர்ட்' லத்தீன், கீழே நின்று சுமப்பது.

குரூப் தெரபியின் கதையைப் பாஸ்டன் நகரத்தில் 1905இல் தொடங்குவது வழக்கம். ஜோசப் பிராட் என்ற மருத்துவர் அங்கே காசநோயாளிகளுக்கு ஒரு 'வகுப்பு' ஆரம்பித்தார். சானட்டோரியத்தில் தங்கிப் பார்த்துக்கொள்ள வசதியில்லாத ஏழைகள் அவர்கள். ஓய்வு, காற்றோட்டம், சாப்பாடு என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல நேரம் போதாது, சேர்த்து உட்கார வைத்துச் சொல்லிவிடலாம் என்பதுதான் அவருடைய கணக்கு. அப்புறம்தான் வேறொன்று பிடிபட்டது: எடை கூடிய ஒருவரைப் பார்த்தே பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தெம்பு வந்தது. சேர்ந்து உட்காருவதற்கென்று தனியாக ஒரு பலன் இருந்தது. 'குரூப் தெரபி' என்ற பெயரை 1932 வாக்கில் நிலைநிறுத்தியவர் வியன்னாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஜேக்கப் மொரேனோ. பிறகு இரண்டாம் உலகப் போரில், மனம் உடைந்து வந்த சிப்பாய்கள் ஏராளம், மனநல மருத்துவர்கள் கொஞ்சம். அந்தப் பற்றாக்குறையே இந்த முறையைப் பரப்பிவிட்டது. சிக்கனத்தில் பிறந்த வைத்தியம் என்று தயங்காமல் சொல்லலாம்.

சப்போர்ட் குரூப்பின் வம்சாவளி வேறு. 1935 மே மாதம், ஒஹாயோ மாநிலத்தின் ஏக்ரன் நகரம். நியூயார்க்கிலிருந்து தொழில் விஷயமாக வந்த பில் வில்சனுக்கு வந்த காரியம் கெட்டுப்போனது. குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஓட்டல் முன்கூடத்தில் ஒரு பக்கம் பார், மறுபக்கம் தொலைபேசி. அவர் தேவாலயங்களுக்குப் போன் போட்டார். அவர் கேட்டது மருத்துவரையோ பாதிரியாரையோ அல்ல. தன்னைப்போலவே குடியில் சிக்கிய இன்னொருவரிடம் பேச வேண்டும் என்றார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித். தற்செயலாக அவர் அறுவைச் சிகிச்சை மருத்துவர், ஆனால் அன்றைக்கு அந்தத் தகுதிக்கு வேலையில்லை. பாப் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஐத்தான், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (சுருக்கமாக ஏஏ) தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. குடும்பத்தாருக்கான அல்-அனான் 1951இல் வந்தது.

ஆக, முதலாவதில் சிகிச்சை தருகிறவர் என்று பயிற்சி பெற்ற ஒருவர் நடுவில் இருக்கிறார். இரண்டாவதில் அப்படி யாரும் இல்லை. இந்த வேறுபாட்டைச் சொல்ல நமக்கு ஒரு பழைய கருவி கைவசம் உண்டு. திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறது: உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான். நோய் வந்தவன் உற்றவன். தீர்ப்பான் மருத்துவன். உழை என்றால் பக்கம். உழைச்செல்வான் நோயாளியின் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறவன். கிரேக்கத் தெராப்பானுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் இல்லை. குரூப் தெரபியில் தீர்ப்பான் உண்டு. சப்போர்ட் குரூப்பில் உற்றவன் ஒருவன் இன்னொரு உற்றவனுக்கு உழைச்செல்வான் ஆகிறான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? குரூப் தெரபிக்கு 'குழு உளச்சிகிச்சை' போதும். 'குழுச் சிகிச்சை' என்றும் சொல்லலாம், அந்த 'ச்'சை மட்டும் விழுங்காமல் எழுதினால் நல்லது. 'குழு மருத்துவம்' வேண்டாம். நாலைந்து டாக்டர்கள் சேர்ந்து நடத்தும் மருத்துவமனைபோல ஒலிக்கிறது. சிக்கல் சப்போர்ட் குரூப்பில்தான். 'ஆதரவுக் குழு' அகராதிப்படி சரி, ஆனால் ஆதரவு என்றதும் நம் காதில் விழுவது கட்சி: ஆதரவாளர்கள், ஆதரவு வாபஸ். 'துணைக் குழு' அலுவலகத் தமிழில் கமிட்டிக்குள் ஒரு சின்னக் கமிட்டி. 'சுய உதவிக் குழு' மிகப் பொருத்தமாக இருந்திருக்கும். ஆனால் 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் குழுக்களும் அதன்பின் வந்த மகளிர் திட்டமும் அந்தச் சொல்லைச் சேமிப்புக்கும் கடனுக்கும் எழுதி வாங்கிக்கொண்டுவிட்டன. இன்றைக்குச் 'சுய உதவிக் குழுவுக்குப் போகிறேன்' என்றால் 'வட்டி எவ்வளவு' என்றுதான் கேட்பார்கள்.

என் தேர்வு 'உறுதுணைக் குழு'. உறு, தவ, நனி மூன்றும் மிகுதியைச் சொல்லும் உரிச்சொற்கள் என்கிறது தொல்காப்பியம். உறுதுணை என்றால் பெருந்துணை, அதுதான் இலக்கணம். ஆனால் 'உறு' என்பதில் படுதல், அனுபவித்தல் என்ற பொருளும் கேட்கத்தானே செய்கிறது. உற்றவனே துணை என்று அதை நான் படித்துக்கொள்வது இலக்கணம் தாண்டிய ஆசை. இலங்கைத் தமிழில் கவுன்சலிங்கை 'உளவளத்துணை' என்கிறார்கள். அங்கும் துணை என்ற சொல்தான் பாரத்தைத் தாங்குகிறது, கேட்கவும் மிரட்டாமல் இருக்கிறது.

இன்னொரு சொல்லையும் இங்கே சொல்லியாக வேண்டும். குடிகாரன் என்பது வசவு. 'குடிநோயாளி' என்பது நிலை. தமிழில் நடக்கும் ஏஏ கூட்டத்தில் பேச எழுகிறவர் 'என் பெயர் இன்னார், நான் ஒரு குடிநோயாளி' என்றுதான் தொடங்குவார். மற்றவர்கள் குறுக்கே பேசுவதில்லை, புத்தி சொல்வதில்லை. அவர் முடித்ததும் அடுத்தவர் தன் கதையைச் சொல்வார். கட்டணம் கிடையாது, விரும்பினவர்கள் தட்டில் ஏதாவது போடலாம். சேருவதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். 'ஷேரிங்', 'ஸ்பான்சர்', 'ஸ்லிப்' என்று அவர்களுக்குள் ஒரு பாஷை ஓடும். பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்பதை நன்னூல்காரர்கள் குழூஉக்குறி என்பார்களே, அந்த வகை. ஷேரிங் என்றால் தன் கதையைச் சொல்வது, ஸ்பான்சர் என்றால் புதியவருக்கு வழிகாட்டும் பழைய உறுப்பினர், ஸ்லிப் என்றால் மறுபடி குடித்துவிட்டது. 'அனானிமஸ்' என்பதை மட்டும் 'அநாமதேயம்' என்று பெயர்த்தால் மொட்டைக் கடுதாசி நெடி அடிக்கிறது. அந்தப் பெயரை அப்படியே விட்டுவிடலாம்.

நம் ஊரில் இதெல்லாம் முன்பே ஒப்பாரியாக இருந்தது என்று சிலர் மார்தட்டுவார்கள். பாதி சரி. இழவு வீட்டில் கட்டிக்கொண்டு அழும் பெண்கள் தங்கள் சொந்தத் துக்கத்தையும் சேர்த்துத்தான் பாடுகிறார்கள். ஆனால் அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், நாளைக்கு ஊரே பேசும். உறுதுணைக் குழுவில், கேட்டது அந்த அறையைவிட்டு வெளியே போகாது என்பதுதான் அடித்தளம்.

தேடும்போது இந்தப் பிரிவினை கைகொடுக்கும். குழு உளச்சிகிச்சை வேண்டுமென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்கலாம். டாக்டரைவிட அங்குள்ள மருத்துவ சமூகப் பணியாளருக்கு இந்த விவரம் அதிகம் தெரிந்திருக்கும். யார் நடத்துகிறார், மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு உண்டா, எத்தனை பேர், இடையில் புதியவர்கள் சேருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எட்டுப்பேர் அளவில், வாரம் ஒருமுறை, ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் என்பது வழக்கமான அளவு. உறுதுணைக் குழு என்றால் ஏஏ, அல்-அனான் கூட்டங்கள் பெரும்பாலும் தேவாலய வளாகத்திலோ பள்ளி அறையிலோ மாலையில் நடக்கும். 'ஓபன் மீட்டிங்' என்றால் யாரும் போய்க் கேட்கலாம், 'குளோஸ்டு' என்றால் குடிநோயாளிகளுக்கு மட்டும். குடிநோய்க்குச் சென்னையில் 1980இல் தொடங்கிய டிடிகே மருத்துவமனையும், மனச்சிதைவு உள்ளவர்களின் குடும்பங்களுக்கு 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனமும் விசாரிக்கத் தகுந்த இடங்கள். வேலூர் சிஎம்சியின் பாகாயம் மனநல மையத்தில் வீட்டார் ஒருவர் நோயாளியுடன் தங்குவது 1950களின் கடைசியிலிருந்தே நடைமுறை. உழைச்செல்வானுக்கு இடம் ஒதுக்கிய மருத்துவமனை அது.

உறுதுணைக் குழு மருந்துக்கு மாற்று அல்ல. மாத்திரையை நிறுத்தச் சொல்கிற குழுவிலிருந்து எழுந்து வந்துவிடலாம். முன்பணம் கேட்டு, ஆளை உள்ளே பூட்டிவைத்துவிட்டு அதற்கும் 'குரூப் தெரபி' என்று பெயர் சொல்லும் மறுவாழ்வு இல்லங்கள் விஷயத்தில் மாநில மனநல ஆணையப் பதிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸ் எண் 14416 இருக்கிறது. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.