கந்தக அமிலமா, கந்தகக் காடியா?

சல்ஃப்யூரிக் ஆசிடைக் 'கந்தகக் காடி' என்று எழுதுவது மூன்றாவது முறையாகக் கண்ணில் பட்டுவிட்டது. மெய்ப்புப் பார்க்க வந்த ஆய்வகச் செய்முறைக் குறிப்பொன்றில், 'அடர் கந்தகக் காடியை மெல்லச் சேர்க்கவும்' என்றிருந்தது. விவரம் தெரியாதவர் ஊறுகாய் போடுகிற பக்குவம் என்றுதான் நினைப்பார்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஆசிட், 'புளிப்பான' என்று பொருள்படும் லத்தீன் அசிடஸிலிருந்து வந்தது. அமிலம், அதே பொருளுள்ள வடமொழி அம்லத்திலிருந்து. திராவகம் என்ற பழைய சொல்லுக்குக் கரைப்பது, உருக்குவது என்று பொருள். செய்தித்தாளிலும், பொன்னைக் கரைக்கும் இராஜ திராவகத்திலும் இன்னும் உயிரோடிருக்கிறது.

'அமிலம் வடசொல், காடி தமிழ், இரண்டும் புளிப்புத்தானே' என்பது காடிக்காரர்கள் வாதம். புளிப்புத்தான். ஆனால் காடி, புளித்த கஞ்சி. 'காடிக் கஞ்சியானாலும் மூடிக் குடி' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். குடிக்கிற பொருளின் பெயரையா இதற்கு வைப்பது? வினிகரையும் காடி என்கிறோம், அது பொருத்தம். அதிலிருப்பது நூற்றுக்கு ஐந்து பங்கு போல அசிட்டிக் அமிலம், சமையலுக்கு ஆகும். 98 சதவீதக் கந்தக அமிலத்தைச் சர்க்கரைமேல் ஊற்றிப் பாருங்கள்: வெள்ளை மஞ்சளாகும், பழுப்பாகும், பிறகு ஆவி பறக்கக் கரித்தூணாக எழும்பி நிற்கும். சர்க்கரையிலிருந்து நீரைப் பிடுங்கிக்கொள்கிறது. தோலையும் விடாது. லத்தீன்காரர்களும் புளிப்பிலிருந்துதானே எடுத்தார்கள் என்பார்கள். எடுத்தார்கள், வினிகருக்கு அசீட்டம் என்று தனிச்சொல்லும் வைத்திருந்தார்கள்.

தூய்மை பேசுகிறவர்களுக்குக் கந்தகம் மட்டும் எந்த ஊர்ச் சொல்லாம்? அதுவும் வடமொழி கந்தகமே. வாசலில் நின்றவரை விரட்டிவிட்டு, கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இலை போடுகிறார்கள்!

மொழிபெயர்ப்பாளர்களின் இன்னொரு குழப்பம், அடர் அமிலத்தை 'வலிமையான அமிலம்' என்பது. அடர்வு, எவ்வளவு நீர் கலந்திருக்கிறது என்ற கணக்கு. வலிமை, நீரில் எவ்வளவு தூரம் அயனியாக, அதாவது மின்னூட்டமுள்ள துகள்களாகப் பிரிகிறது என்ற குணம். கார் பேட்டரியில் இருப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அமிலம், மீதி நீர். அப்போதும் அது வலிமையான அமிலமே. பேட்டரிக் கடைக்காரர் சட்டையைப் பாருங்கள். தெறித்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. துவைத்துக் காயப்போடும்போது ஓட்டை ஓட்டையாக வெளிச்சம் வரும்.

அந்தக் குறிப்பில் காடியை அடித்து அமிலம் என்று எழுதினேன். அடுத்த வரியில் 'பிறகு 100 மி.லி. நீர் ஊற்றவும்' என்றிருந்தது. அதையும் அடித்து, அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும் என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதி அனுப்பினேன்.