கரிசலில் கடைக்கால் போடும் முன்

கோவில்பட்டிப் பக்கம் ஒரு வீடு. கட்டி நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது. சித்திரை வந்தால் ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக வெடிப்பு ஓடும். கார்த்திகை மழையில் அதே வெடிப்பு பாதி மூடிக்கொள்ளும், ஆனால் கதவு நிலையில் இடிக்கும். கொத்தனார் வேலை சரியில்லை என்று நினைத்து வீட்டுக்காரர் வருஷா வருஷம் பூசிப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். நான் போனபோது சுவரைவிட வாசல் நிலத்தைத்தான் அதிக நேரம் பார்த்தேன். கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

கரிசல் மண் தண்ணீர் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். அதிலுள்ள மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் தன் அடுக்குகளுக்கு நடுவே நீரை வாங்கிக்கொள்வதால் வரும் குணம் இது. வீட்டுக்கு அடியில் நடுப்பகுதி எளிதில் காயாது. வெளிச்சுவருக்குக் கீழே உள்ள மண்தான் கோடையில் காய்கிறது. ஓரம் இறங்குகிறது, நடு அப்படியே நிற்கிறது, இரண்டுக்கும் இடையே சுவர் கிழிகிறது. அந்த வீட்டின் கடைக்கால் ஆழம் மூன்றடி. அசைவு அதிகமுள்ள மேலடுக்கிலேயே மொத்த வீடும் உட்கார்ந்திருந்தது. போதாக்குறைக்குச் சுவரை ஒட்டி ஒரு வேப்பமரம், இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

“பக்கத்து வீட்டிலும் மூன்றடிதானே சார், நன்றாகத்தானே நிற்கிறது?” என்று பலர் கேட்கிறார்கள். அது பக்கத்து மண்ணுக்கான பதில். உங்கள் மனையின் பதில் உங்கள் மனையைத் தோண்டினால்தான் கிடைக்கும்.

வீடு வரும் இடத்தில், எதிரெதிர் மூலைகளில், ஆளுயரத்துக்கு மேல் இரண்டு குழி வெட்டச் சொல்வேன். எத்தனை அடியில் நிறம் மாறுகிறது, சுக்கான் என்கிற கெட்டியான சுண்ணாம்புக்கல் அடுக்கு எங்கே தட்டுகிறது, ஊற்று கசிகிறதா என்று அதிலேயே பாதி தெரிந்துவிடும். கோடையில் தோண்டினால், ஐப்பசியில் கிணற்று நீர் எவ்வளவு மேலே வரும் என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் தூர்ந்த கிணறு இருந்ததா என்று ஊர்ப் பெரியவர்களிடம் கட்டாயம் விசாரியுங்கள். செம்மண் கொட்டிச் சமப்படுத்திய மனை என்றால் கொட்டிய மண்ணைத் தாண்டி இயற்கை மண் வரும்வரை தோண்ட வேண்டும். மேலே பளிச்சென்று கிராவலும், நாலடிக்குக் கீழே பழைய குளத்துச் சேறும் இருந்த மனைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஆய்வகம். கரிசலுக்கு முக்கியமானது வீக்கச் சோதனை. சலித்த உலர்மண்ணில் 10 கிராமைத் தண்ணீரிலும், இன்னொரு 10 கிராமை மண்ணெண்ணெயிலும் போட்டு ஒரு நாள் விடுவார்கள். மண்ணெண்ணெயில் மண் ஊதாது. இரண்டின் கன அளவு வித்தியாசமே வீக்கம். அது 50 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரணக் கடைக்காலை மறந்துவிடலாம். மண்ணின் தாங்குதிறனுக்கு எஸ்பிடி என்ற ஊடுருவல் சோதனை உண்டு. துளைக்குள் இறக்கிய குழாயை 63.5 கிலோ சம்மட்டி 75 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்து அடிக்கும். முதல் 15 செ.மீ. கணக்கில் வராது, அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை தடவை சம்மட்டி விழுந்தது என்பதே கணக்கு. சோதனை அறிக்கையை வாங்கிப் பீரோவில் பூட்டிவிடாமல், கடைக்கால் வரைபடம் போடும் பொறியாளர் கையில் கொடுங்கள்.

அந்த வீட்டுக்காரரின் தம்பி போன வருஷம் வீடு கட்டினார், அண்ணன் வீட்டிலிருந்து இருநூறு அடி தள்ளி. ஒரு குழியில் ஐந்தடியில் சுக்கான் தட்டியது. இன்னொன்றில் ஒன்பதடி வரை கரிசல். அதனால் அடியில் குமிழ்போல் விரிந்த பைல்களை, அதாவது மண்ணுக்குள் போகும் கான்கிரீட் தூண்களை, சுக்கானுக்குள் இறக்கி, அவற்றின் தலையில் பீம் ஓட்டினோம். ஊதும் மண் முட்டாதபடி பீமுக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி விட்டோம். வீட்டைச் சுற்றி வெளிப்பக்கம் சாய்வாகக் கான்கிரீட் தளம் போட்டோம். வேப்பங்கன்றுக்கு மனையின் கடைசி மூலையில் இடம் ஒதுக்கினோம்.