முதலில் சத்தத்தைக் குறை, தம்பி

போன வெள்ளிக்கிழமை இரவு 11.40க்கு வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்து விழுந்தது. கோப்பின் பெயர் ‘ஃபைனல் 11 உண்மையான ஃபைனல்’. அனுப்பியவன் தேசிய சேவையை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகம் திறக்கக் காத்திருக்கும் ஒரு தம்பி. வீவக அடுக்குமாடி வீட்டுப் படுக்கையறையில் உட்கார்ந்து, கிட்டாரும் பாஸும் தானே வாசித்து, டிரம்ஸைக் கணினியில் தட்டிச் சேர்த்து, பெயர்பெற்ற ஒரு ஹெவி மெட்டல் பாட்டைத் தன் கையால் மறுபதிவு செய்திருக்கிறான். கூடவே ஒரு வரி: “அண்ணா, மிக்ஸ் எப்படி இருக்கிறது? உண்மையைச் சொல்லுங்கள்.” மிக்ஸ் என்றால் எல்லாக் கருவிகளையும் அளவு பார்த்துச் சேர்த்த கலவை.

இந்த மாதத்தில் இது நான்காவது. நால்வருக்கும் ஒரே பதிலை எழுதி அலுத்துவிட்டதால் இங்கே எழுதுகிறேன். ஒலிப்பதிவுக்கூடத்துக் கிழவனுக்கு மெட்டல் புரியாது என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். 1992இல் ருத்ரா குழு இதே சிங்கப்பூரில் தொடங்கி, சமஸ்கிருதத்தை டெத் மெட்டலில் ஏற்றியபோது நானும் தலையை ஆட்டியவன்தான்.

வாசிப்பில் குறையில்லை. கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் ரிஃப் சுத்தமாக விழுகிறது. ஆனால் பாட்டை முழுதாகக் கேட்க முடியவில்லை. அலைவடிவத்தைத் திறந்தால் மேலும் கீழும் கத்தியால் சீவிய செங்கல் போல நிற்கிறது. ஒலியின் உச்சங்களை அமுக்கி மொத்தச் சத்தத்தை ஏற்றும் லிமிட்டரைப் போட்டு அப்படி நெரித்திருக்கிறான். டிரம்ஸில் ‘பட்’டென்று ஒலிக்கும் ஸ்னேர் முரசின் அடி விழும் இடத்தில் அடி இல்லை, ‘சப்’பென்று ஒரு காற்றுதான் வருகிறது. ஏன் இப்படி என்று கேட்டேன். “சத்தமாக இருந்தால்தானே ஹெவியாக இருக்கும்?” என்றான்.

இந்த ஒரு வாக்கியத்தோடு நான் 22 ஆண்டுகளாக மல்லுக்கு நிற்கிறேன்.

சத்தம் வேறு, கனம் வேறு. 1933இலேயே பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டிவிட்டார்கள். ஒலி மெதுவாக இருக்கும்போது நம் காதுக்குத் தாழ்ந்த சுரங்கள் சரியாக எட்டுவதில்லை. சத்தம் ஏற ஏற அவை எழும்பி வருகின்றன. ஆகவே எந்த மிக்ஸையும், எவ்வளவு மோசமான மிக்ஸையும், சற்றே சத்தமாக வைத்தால் பாஸ் நிறைந்து, சிம்பல் மின்னி, ‘ஆகா’ என்று இருக்கும். ஒரு டெசிபல் கூடினாலே போதும். கேட்பவருக்குச் சத்தம் கூடியது தெரியாது, ‘இது நன்றாக இருக்கிறது’ என்று மட்டும் தோன்றும். நீங்கள் ஒலியை மாற்றும் ஒரு பிளக்-இன் மென்பொருளைப் போடுகிறீர்கள், அது ஓசைப்படாமல் இரண்டு டெசிபல் ஏற்றிவிடுகிறது, முன்னேறிவிட்டோம் என்று மகிழ்கிறீர்கள். அப்படியே பதினொரு தடவை முன்னேறினால் கையில் மிஞ்சுவது செங்கல்.

தம்பியை ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்கு வரச் சொன்னேன். அவனுடைய முதல் பதிவையும் பதினோராவது பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பதினொன்றை 7 டெசிபல் இறக்க வேண்டியிருந்தது, அப்போதுதான் இரண்டும் ஒரே சத்தத்துக்கு வந்தன. திரையை அணைத்துவிட்டு மாற்றி மாற்றிப் போட்டேன். நான்கு சுற்று. நான்கிலும் அவன் விரல் காட்டியது முதல் பதிவை. திரையைப் போட்டுக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “மூன்று வாரம் வீணா அண்ணா?” என்றான். வீண்தான். நான் பொய் சொல்லவில்லை.

போட்டிக்காகச் சத்தம் வேண்டும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் சத்தமாக வரும் பாட்டைத் தாமே இறக்கிவிடும். ஸ்பாட்டிஃபையின் வழக்கமான அளவு -14 லஃப்ஸ் (காதுக்குப் படும் சராசரிச் சத்தத்தின் அளவுகோல்). நீங்கள் நெரித்து ஏற்றியதை அவர்கள் இறக்கியபின் நெரிசல் மட்டும் மிஞ்சும். 2008இல் மெட்டாலிக்காவின் ‘டெத் மேக்னடிக்’ தொகுப்பு வந்தபோது இப்படி நெரித்துவிட்டார்களே என்று ரசிகர்களே மனுப் போட்டுச் சண்டை பிடித்தார்கள். அதே பாடல்கள் ‘கிட்டார் ஹீரோ’ விளையாட்டில் அவ்வளவு நசுங்காமல் இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய குழுவே இதில் தப்பவில்லை.

கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்க ஏற்றும் கெயினும் இதே கதைதான். டிஸ்டார்ஷனை நீங்கள் நினைக்கும் அளவில் பாதிக்குக் குறையுங்கள். ஒரே வாசிப்பை நகலெடுத்து இடமும் வலமும் போடாதீர்கள், இரண்டு தடவை வாசியுங்கள். கிட்டாரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிட்டு, அந்த இடத்தைப் பாஸ் கிட்டாருக்கும், காலால் அடிக்கும் கிக் முரசுக்கும் விடுங்கள். இதெல்லாம் தெரிந்ததுதானே.

தெரியாதது உங்கள் அறை. வீவக படுக்கையறை ஒரு பக்கம் ஏறக்குறைய 3 மீட்டர் இருக்கும். அந்த நீளத்தில் 57 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஓர் அலை சுவருக்குச் சுவர் மோதி நின்றுவிடும். பாஸ் கிட்டாரின் திறந்த ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். விளங்குகிறதா? அறையின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அந்தச் சுரம் காணாமல் போகும், சுவரோரம் போனால் கர்ஜிக்கும். தம்பி நடுவில்தான் உட்கார்ந்திருந்தான். ஏ சுரம் கேட்கவில்லை என்று பாஸை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறான். மாமாவின் காரில் போட்டபோது கதவே அதிர்ந்ததாம். நாற்காலியை முன்சுவர்ப் பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள், காசு செலவில்லை. பாட்டை வீட்டிலிருக்கும் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டருக்குள் பதிவு செய்வதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். நான்கு பக்கமும் மொட்டைக் காங்கிரீட். அரிசி மூட்டைக்கும் பழைய மின்விசிறிக்கும் நடுவில் நின்று கத்தினால், பானைக்குள் தலையை விட்டுக் கத்தியது போலத்தான் பதிவாகும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதன்முன் பாடுங்கள், போதும்.

இனி, கருத்துக் கேட்பது. “எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் “சூப்பர்” என்றுதான் வரும். அது கருத்து இல்லை, மரியாதை. டிரம்ஸ் வாசிப்பவர் டிரம்ஸ் கேட்கவில்லை என்பார், கிட்டார்காரர் கிட்டாரை ஏற்று என்பார். தன் கருவி அதிகம் கேட்கிறது என்று சொன்ன ஒரு வாத்தியக்காரரை இந்தத் தொழிலில் நான் இன்னும் சந்திக்கவில்லை. இருவரிடமோ மூவரிடமோ கேளுங்கள், முப்பது பேரிடம் வேண்டாம். பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள்: இரண்டாம் சரணத்தில் குரல் அமிழ்கிறதா? கிக் வேகமாக ஓடும் இடத்தில் அடி அடியாகக் கேட்கிறதா? அம்மாவைக் கேட்டாலும் தவறில்லை. பேச்சுச் சத்தத்துக்கும் கீழே இறக்கி, சமையலறையில் ஓடவிட்டு, முதலில் காதில் விழுவது எது என்று மட்டும் கேளுங்கள். குரலும் ஸ்னேரும் என்றால் நல்லது. “ஏதோ ஈ பறக்கிறது” என்றால் கிட்டாரில் மேற்சுரங்களைக் குறையுங்கள்.

அனுப்பும்போது லிமிட்டரைக் கழற்றிவிட்டு, ஆவணமாக அனுப்புங்கள். காணொளியாக்கி அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், பிறகு நான் அதன் சுருக்கத்தைத்தான் விமர்சிப்பேன். மூலப் பாட்டையும் கணினியில் உங்கள் பதிவு இருக்கும் அதே கோப்புக்குள் இழுத்து, உங்கள் சத்தத்துக்கு இறக்கிவைத்து ஒப்பிட்டபின் அனுப்புங்கள். இரவு 11.40க்கு அனுப்பாதீர்கள். எனக்காகச் சொல்லவில்லை, ஐந்து மணி நேரம் உழைத்த காது அந்நேரத்தில் எதையும் சரியாகச் சொல்லாது.

கிளம்பும்போது தம்பி செருப்பை மாட்டிக்கொண்டே, போகிற போக்கில் சொன்னான்: “இரண்டு நாளாக இடது காதில் உய்ங் என்கிறது அண்ணா. தூங்கினால் சரியாகிவிடும்தானே?” அண்டைவீட்டாருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று இரவில் எல்லாமே ஹெட்ஃபோனில்தான், முக்கால் அளவுக்கு மேல். எனக்குக் கோபம் போய்ப் பயம் வந்தது. இங்கே வேலையிடங்களுக்கான வரம்பு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதி. 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். உள்காதின் மயிரணுக்கள் செத்தால் முளைப்பதில்லை. சுரங்களை ஏற்றி இறக்கும் ஈக்யூவில் ஏற்றிக்கொள்ள முடியாத இழப்பு அது. பலதுறை மருந்தகத்துக்குப் போய்க் காட்டு, அதுவரை ஹெட்ஃபோனைத் தொடாதே என்று சொல்லி அனுப்பினேன்.

செவ்வாய் மதியம் பன்னிரண்டாவது பதிவு வந்தது. செங்கல் இல்லை, மேடும் பள்ளமுமாக இருந்தது. கீழே, “1 நிமிடம் 52 நொடியில் ஸ்னேர் கிட்டாருக்கு அடியில் போகிறதா?” என்று கேட்டிருந்தான். போகிறது, ஒன்றரை டெசிபல் ஏற்று என்று எழுதினேன். காதைக் காட்டினாயா என்றும் கேட்டேன்.

இரண்டு நீலக் குறிகள் வந்தன. பதில் இன்னும் வரவில்லை.