குடல் சுத்தம்: எந்த மருந்து என்பதைவிட எப்போது குடிக்கிறோம் என்பதே முக்கியம்

பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பிக்கு நாள் குறித்ததும் பலர் கேட்பது இதைத்தான்: "குடலைக் கழுவுற அந்த ரெண்டு லிட்டர் மருந்தையும் குடிச்சே ஆகணுமா டாக்டர்? கொஞ்சமா குடிக்கிற மருந்து எதுவும் இல்லையா?" கம்பத்துக்காரர்களும் கேட்கிறார்கள், குமுளி, வண்டன்மேடு ஏலத் தோட்டங்களிலிருந்து மலையிறங்கி வருபவர்களும் கேட்கிறார்கள்.

இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது.

வழக்கமாகக் கொடுப்பது பாலி எத்திலீன் கிளைக்கால், உப்புகள் கலந்த பொடி. இதை உடல் உறிஞ்சுவதில்லை. குடித்த தண்ணீர் அப்படியே குடலைக் கழுவிக்கொண்டு வெளியேறும். அதனால்தான் வயதானவர்கள், சிறுநீரகமோ இதயமோ பலவீனமானவர்களுக்கு முதலில் இதையே எழுதுகிறேன். உவர்ப்பும் அளவும் சிரமம்தான். குளிர வைத்து, கால் மணிக்கு ஒரு டம்ளர் என்று குடித்தால் குமட்டல் குறையும்.

பிக்கோசல்ஃபேட்டும் மெக்னீசியமும் சேர்ந்த மருந்து அளவில் குறைவு. ஆனால் அது உடம்பிலிருக்கும் நீரைக் குடலுக்குள் இழுக்கும்; கூடவே நிறையத் தண்ணீர் குடிக்காவிட்டால் தலைசுற்றும், முதியவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வேண்டாம். சோடியம் பாஸ்பேட் கரைசலும் சிறிய அளவுதான். அது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் கடுமையாக எச்சரித்தது. நான் எழுதுவதில்லை.

விளக்கெண்ணெய், பேதி மாத்திரை, எனிமா மட்டும் போதுமா என்றும் கேட்கிறார்கள். போதாது. எனிமா கழுவுவது குடலின் கடைசிப் பகுதியை மட்டுமே. தட்டையான பாலிப்புகள் (குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு வளர்ச்சிகள்) ஒளிந்திருப்பது பெரும்பாலும் வலப்பக்கப் பெருங்குடலில். அங்கே மெல்லிய கசடு படிந்திருந்தாலும் கண்ணில் படாமல் போய்விடும்.

அந்த வலப்பக்கத்துக்காகத்தான் மருந்தை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறோம். முழுவதையும் முந்தின மாலையே குடித்துவிட்டால், இரவில் சிறுகுடலிலிருந்து இறங்கும் பித்தநீரும் சளியும் மறுபடி அங்கே படியும். பாதி மாலையில், மீதிப் பாதி பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பு. கடைசி மடக்கை 2 மணி நேரத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

தோட்டத்துக்காரர்களுக்குச் சிக்கல் இங்கேதான். விடிகாலையில் மருந்து குடித்துவிட்டு மலைப்பாதையில் பஸ் ஏறுவது நடக்கிற காரியமா? இதற்குப் பயந்தே பலர் எல்லாவற்றையும் முந்தின நாளே குடித்து முடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முதல் நாளே இறங்கி வந்து சொந்தக்காரர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்குங்கள். முடியாது என்றால் நாள் குறிக்கும்போதே சொல்லுங்கள். மதிய நேரம் கொடுத்து, காலையில் இங்கே வந்த பிறகு குடிக்க ஏற்பாடு செய்யலாம்.

அப்புறம் சாப்பாடு. முந்தின நாள் மட்ட அரிசிச் சோறு, கீரை, பலாக்கொட்டை வேண்டாம். இட்லி, வெள்ளைச் சோறு, மோர் போதும். நம்மூர் பன்னீர் திராட்சையைச் சில நாள் முன்பே நிறுத்துங்கள். விதை கேமராக் குழாயை அடைக்கும். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பு நிறுத்த வேண்டும், அது கசடைக் கருப்பாக்கி ஒட்ட வைக்கும். சர்க்கரை மருந்தையும் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையையும் மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், எங்களைக் கேளுங்கள்.

கடைசியாகப் போவது சிறுநீர் போல மஞ்சளாய்த் தெளிந்திருந்தால் சரி. கலங்கலாகவே போனால் வந்தவுடன் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். இன்னும் கொஞ்சம் மருந்து கொடுத்து, நேரத்தைத் தள்ளி வைத்துப் பார்க்க முடியும்.