லெப்டொப்பில் சரி, போனில் மட்டும் ஏன் பச்சைக் கட்டம்?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு கம்பஸ் மாணவர் போன கிழமை கேள்வி ஒன்று அனுப்பியிருந்தார். எச்.264 என்ற முறையில் சுருக்கிய வீடியோவை விரிக்கும் சின்ன டீகோடர் ஒன்றைத் தானே எழுதியிருக்கிறார், நான்கு திரெட்டில், அதாவது ஒரே நேரத்தில் நகரும் நான்கு வேலைத்தடங்களில் ஓடுகிறது. "அண்ணா, இன்டெல் லெப்டொப்பில் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டும் பிழை இல்லை. அதே கோட் அண்ட்ரொய்ட் போனில் இடைக்கிடை பச்சைக் கட்டம் காட்டுகிறது. திரும்ப ஓடவிட்டால் வேறு இடத்தில் வருகிறது. போன் பழுதா?"

போன் பழுதில்லை தம்பி. கோட்டில் இருந்த பிழையை லெப்டொப் மறைத்து வைத்திருந்தது, போன் காட்டிக்கொடுத்துவிட்டது.

வீடியோவில் ஒவ்வொரு பிரேமும் முழுப் படமாகச் சேமிக்கப்படுவதில்லை என்பது தெரிந்ததுதான். முந்திய பிரேமிலிருந்து ஒரு துண்டை எடு, இவ்வளவு நகர்த்தி இங்கே ஒட்டு, மிச்ச வித்தியாசத்தைக் கூட்டு. அப்படியென்றால் முந்திய பிரேம் முடியாமல் அடுத்ததைத் தொடவே முடியாதே, நான்கு திரெட் வைத்து என்ன பயன்?

கோயில் அன்னதானத்தில் பரிமாறியவர்களுக்கு இது உடனே விளங்கும். கடைசி ஆள் வரைக்கும் இலை போட்டு முடியட்டும் என்று சோற்று வாளியோடு யாரும் காத்து நிற்பதில்லை. இலை போடுகிறவர் பத்து இலை தள்ளிப் போனதும் சோறு கிளம்பும், அதன் பின்னால் பருப்பு, அதன் பின்னால் சாம்பார். பின்னால் வருகிறவர் முன்னால் போகிறவரைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். டீகோடரிலும் அப்படித்தான்: ஒரு திரெட் தன் பிரேமை மேலிருந்து கீழே விரித்துக்கொண்டு போகும், அடுத்த பிரேமின் திரெட் சில வரிசைகள் பின்னால் தொடரும். 1080 வரி உயரமுள்ள படத்தை எச்.264 உண்மையில் 1088 வரியாகத்தான் வைத்திருக்கும், 16 வரிக்கு ஒன்றாக 68 வரிசைக் கட்டங்கள். "இத்தனையாவது வரிசை வரை முடிந்தது" என்ற ஒரேயொரு எண்தான் இரண்டு திரெட்டும் பேசிக்கொள்ளும் மொழி.

அந்த எண்ணை எப்போது அறிவிப்பது என்பதில்தான் எனக்குப் பிடித்த கணக்கு இருக்கிறது. பூச்சியத்திலிருந்து எண்ணினால் 20ஆவது வரிசைக் கட்டம் 320 முதல் 335 வரையான வரிகள். அதன் நகர்வு கீழ்நோக்கி 27.25 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். கால் பிக்சலைக் கணிக்க மேலும் கீழுமாக ஆறு பிக்சல் வேண்டும், கடைசி வரி 335உம் 27உம் சேர்ந்து 362 என்றால் அதற்குக் கீழே இன்னும் மூன்று, அதாவது 365 வரை முந்திய பிரேமில் தயாராக இருக்க வேண்டும். 365 இருப்பது 22ஆவது வரிசையில் (352 முதல் 367 வரை). அப்போ 22 முடிந்தால் போதுமே? போதாது! கட்டங்களின் விளிம்பை மென்மையாக்கும் வடிகட்டி, 23ஆவது வரிசையைச் செய்யும்போது மேலே ஏறி 22இன் கடைசி மூன்று வரிகளையும் திருத்தக்கூடும். அவை 365, 366, 367. ஒரேயொரு வரிக்காக 23 முடியும் வரை காத்திருக்க வேண்டும். இந்த இடத்தை முதல் தடவை தாளில் போட்டுப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, அவ்வளவு சந்தோஷம்.

மாணவரின் கணக்கில் இதெல்லாம் சரியாகவே இருந்தது. பிழை அந்த எண்ணைச் சாதாரண இன்ட் (முழு எண் மாறி) ஆக வைத்ததில். "பிக்சலை எழுது, அப்புறம் எண்ணைக் கூட்டு" என்று நாம் வரிசையாக எழுதினாலும், போனில் இருக்கும் ஆர்ம் சிப்பில் ஒரு கோர் (சிப்பினுள் தனியாக வேலை செய்யும் பகுதி) எழுதியவை மற்றக் கோருக்கு அதே ஒழுங்கில் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. எண் முதலில் போய்ச் சேரலாம், பிக்சல் பிறகு வரலாம். இன்டெல் சிப் எழுதிய ஒழுங்கிலேயே காட்டும், கோட்டைச் சிப்பின் மொழிக்கு மாற்றும் கம்பைலரும் தற்செயலாக இடம் மாற்றவில்லை, அதனால் லெப்டொப்பில் தப்பியது. பச்சை ஏனென்றால், அவர் ஒவ்வொரு பிரேமையும் முதலில் பூச்சியத்தால் நிரப்புகிறார். வெளிச்சமும் இரண்டு நிற எண்களும் பூச்சியமானால் திரையில் வருவது கரும்பச்சை. அடுத்தடுத்த பிரேம்களும் அதையே பிரதி எடுப்பதால் அடுத்த முழுப்படம் வரும் வரை கறை நகர்ந்துகொண்டே இருக்கும்.

தீர்வு, எண்ணை அட்டோமிக் (பல திரெட்கள் பாதுகாப்பாகப் பகிரும் மாறி) ஆக்கி, எழுதுகிறவர் 'ரிலீஸ்' முறையிலும் வாசிக்கிறவர் 'அக்குவயர்' முறையிலும் தொடுவது. எண்ணைக் கண்டவருக்கு அதற்கு முன் எழுதிய அத்தனை பிக்சலும் தெரிந்தே ஆக வேண்டும் என்ற உறுதிமொழி அது, 2011இலிருந்து சி மொழியிலேயே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் விடும் பூட்டு) போட்டாலும் சரியாகத்தான் வரும். பதுளைக்குப் போகும் ரயில் ஒற்றைப் பாதையில் டேப்லட் வளையத்தை (பாதையில் போக அனுமதி தரும் அடையாளம்) வாங்கிக்கொண்டுதான் நகருமே, அதுதான் மியூடெக்ஸ். ஆனால் பிரேமுக்கு ஆயிரக்கணக்கான தடவை வளையம் மாற்றினால் வேகம் போய்விடும். பலரும் பாவிக்கும் திறந்த மூல வீடியோ மென்பொருளான எஃப்எஃப்எம்பெக் முதலில் அட்டோமிக் எண்ணை மட்டும் பார்க்கிறது, இன்னும் வரவில்லையென்றால்தான் மியூடெக்ஸைப் பிடித்துத் தூங்கப் போகிறது. பிரேம் கெட்டுப்போய்ப் பாதியில் நின்றாலும் "எல்லாம் முடிந்தது" என்று அறிவித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காத்திருப்பவர் என்றென்றைக்கும் காத்திருப்பார்.

திரெட்டை ஒரு மில்லிசெக்கன் சும்மா நிறுத்தி வைக்கும் ஸ்லீப் போட்டால் சரியாகிறது என்றும் அவர் எழுதியிருந்தார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஏன் குணமானது என்று தெரியாமல் கட்டுகிற தாயத்து அது, பிழை அங்கேயே இருக்கும். எஃப்எஃப்எம்பெக்கில் இந்தப் பிரேம் திரெட் வேலை தொடங்கியதே 2008இல், மாணவர்களுக்குப் பணம் கொடுத்துத் திறந்த மூல மென்பொருள் எழுதவைக்கும் கூகுள் சமர் ஒஃப் கோட் திட்டத்தில். அதே சமர் ஒஃப் கோட்டில் பல ஆண்டுகள் உலக அளவில் முன்னணியில் நின்றவர்கள் நம் மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள். இப்படிப்பட்ட வேலைக்கு இங்கேயே ஆறு மாதச் சம்பளம் கொடுக்க ஒரு நிதி இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சரி, அவருக்கு திரெட்சானிடைசர் என்ற பிழை தேடும் கருவியைப் போட்டுக் கம்பைல் செய்யச் சொன்னேன். அது படத்தில் கறை வருகிறதா என்று பார்ப்பதில்லை, இரண்டு திரெட்டுக்கும் இடையில் முன்பின் உறுதி இருக்கிறதா என்று பார்க்கிறது, அதனால் இன்டெல்லிலும் பிடிக்கும். இத்தனை நாள் ஒரு பிழையும் காட்டாத அதே லெப்டொப்பில், எண்ணை எழுதிய வரியையும் வாசித்த வரியையும் இலக்கத்தோடு காட்டியிருக்கிறது. இரண்டையும் மாற்றிவிட்டுப் போனை இரவு முழுக்க ஓடவிட்டவர், விடிய எனக்கு அனுப்பியது அடுத்த கேள்வி: "அண்ணா, ஒரே பிரேமுக்குள்ளேயே வரிசைகளைப் பிரித்துக் கொடுக்கலாமா?"